மாடி இல்லாத படி

தஹ்மீனா: மெதுவா வாங்கத்தா... இங்க ஒரு படி இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான்.

அல்லா பிச்சை: ஏறுறதா, எறங்குறதா?

தஹ்மீனா: எறங்குறது. ஆங்... அவ்வளவுதான். இனிமே சமதரை.

அல்லா பிச்சை: ஃபாஜில் வரைஞ்ச படம் மாட்டுன எடத்துல எதையும் கேட்டுக்கிட்டுத்தான் கால வைக்கணும்னு மாப்பிள்ள கார்ல சொல்லிக்கிட்டு வந்தாரு.

தஹ்மீனா: அவருக்கு என்ன, வாய் சும்மா இருக்காது. வண்டி நிறுத்த எடம் தேடி கீழவாசல் வரைக்கும் போயிட்டாரு. இனி டீ குடிச்சுட்டுத்தான் வருவாரு... காலைல கண்ணுக்கு சொட்டு மருந்து போட்டீங்களா?

அல்லா பிச்சை: போன கண்ணுக்கு என்னத்துக்கும்மா சொட்டு மருந்து?

தஹ்மீனா: டாக்டர் நிறுத்தச் சொல்லலையே. ஊரே சொல்லுது, புள்ள மவுத்தான துக்கத்துல அல்லா பிச்சை அழுதே கண்ண தொலைச்சுட்டாருன்னு. நான்தான் மருந்து போடாம விட்டேன்னு பேரு வாங்கணுமா?

அல்லா பிச்சை: ...ஊரு சொன்னா சரியாத்தான் இருக்கும். கூட்டமா?

தஹ்மீனா: இருக்கு. காலேஜ் புள்ளைங்க, வெளியூர்க்காரங்க... ஒரு வெள்ளக்காரம்மா கூட நிக்குது. கழுத்தச் சாய்ச்சு சாய்ச்சுப் பாக்குது.

அல்லா பிச்சை: என் புள்ள படத்த பாக்க வெள்ளக்காரம்மா வந்திருக்கு. பெத்தவ வரல.

தஹ்மீனா: அம்மாவுக்கு முட்டி வலிங்கத்தா.

அல்லா பிச்சை: போன வாரம் பாபநாசத்துல கல்யாண வீட்டுக்குப் போனாளே, அது யாரு முட்டி?

தஹ்மீனா: அத்தா...

அல்லா பிச்சை: சரி, சரி. நீ சொல்லு. மொதப் படம் என்ன?

தஹ்மீனா: நம்ம வீடு.

அல்லா பிச்சை: நம்ம வீடா? நெசமாவா?

தஹ்மீனா: நம்ம வீடு நமக்குத் தெரியாதா? வாசல்லேர்ந்து ஒரு படி மேல போகுது. அப்படியே திரும்பி, சமையக்கட்டு ஜன்னலச் சுத்தி, இன்னும் மேல ஏறி... மறுபடி வாசல்லயே வந்து சேருது. ஒரு எடத்துலயும் கீழ எறங்கல.

அல்லா பிச்சை: ஏறிக்கிட்டே இருந்தா எப்படி வாசலுக்கு வரும்?

தஹ்மீனா: அதுக்குத்தான் அத்தனை பேரும் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறாங்க. பக்கத்துல எழுதி வேற ஒட்டியிருக்காங்க. 'இடமும் காலமும் குழம்பும் தத்துவ வெளி'யாம்.

அல்லா பிச்சை: தத்துவமா? அது தியாகேசன் கொத்தனாரு பண்ண கூத்துல்ல!

தஹ்மீனா: மெதுவா பேசுங்கத்தா. எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க.

அல்லா பிச்சை: பாக்கட்டும். நான் ஷார்ஜாவுலேர்ந்து போன்ல எத்தனை தடவ சொன்னேன்... வாசல்ல நின்னா வலக்கைப் பக்கம் படின்னு. ரோட்டுலேர்ந்து பெட்டியோட வந்து நிக்கிற மாதிரி மனசுல வெச்சுக்கிட்டு நான் சொல்றேன். அந்த மனுசன் வீட்டுக்குள்ள நின்னு, தெருவப் பாத்துக்கிட்டு, வலக்கைப் பக்கம் கட்டிப்புட்டாரு.

தஹ்மீனா: அதான் நம்ம சமையக்கட்டு ஜன்னலத் தொறந்தா படிக்கட்டுல இடிக்குது.

அல்லா பிச்சை: அத சரிபண்ணத்தான் அடுத்த லீவுல ஒரு கதவு போடச் சொன்னேன்.

தஹ்மீனா: அந்தக் கதவத் தொறந்தா செவுரு.

அல்லா பிச்சை: மாடி எழும்பிட்டா எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்துரும்னு நெனச்சேன்.

தஹ்மீனா: மாடி எங்க எழும்புச்சு? படி மட்டும் அந்தரத்துல போயி நிக்குது. ஃபாஜில் அந்தக் கடைசிப் படியில காலத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்து வரைவான். அம்மா கீழேர்ந்து கத்துவாங்க, 'விழுந்து தொலையாதடா'ன்னு.

அல்லா பிச்சை: ...தஹ்மீனா.

தஹ்மீனா: ம்.

அல்லா பிச்சை: இந்தப் படத்துல நான் இருக்கேனா?

தஹ்மீனா: நீங்களா?

அல்லா பிச்சை: ஆமா. என்னைய மாதிரி ஒரு ஆளு.

தஹ்மீனா: இல்லத்தா... ஜன்னல்ல அம்மா இருக்காங்க, சின்னதா. அவ்வளவுதான்.

அல்லா பிச்சை: படியில?

தஹ்மீனா: படி காலி.

அல்லா பிச்சை: அப்ப இது இல்ல. அடுத்ததுக்குப் போவோம்.

தஹ்மீனா: எது இல்ல?

அல்லா பிச்சை: ஒரு படத்துல என்னைய வெச்சு பலகையில செதுக்கியிருக்கான். அவனே சொன்னான், ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணி. எப்படி இருக்கும்னு கேட்டேன், சொல்ல மாட்டேன்னுட்டான். அந்த ஒண்ணு என்னன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போகத்தான் வந்தேன். இல்லன்னா கண்ணு தெரியாதவனுக்கு தஞ்சாவூர்ல படம் பாக்க என்ன வேலை?

தஹ்மீனா: ...இத என்கிட்ட சொல்லவே இல்லையே.

அல்லா பிச்சை: யாருகிட்டயும் சொல்லல. வா. இது என்ன?

தஹ்மீனா: இது... வயக்காடு. மதகுலேர்ந்து தண்ணி விழுது. வாய்க்கால்ல ஓடி, வயலச் சுத்தி, பள்ளம் பள்ளமா எறங்கிப் போயி... மறுபடி அதே மதகுக்கு மேல வந்து விழுது.

அல்லா பிச்சை: அடேயப்பா. மேட்டூர் தொறக்காத வருசத்துக்கு இந்த வாய்க்கா ஒண்ணு இருந்தா போதுமே. குறுவையும் போடலாம், சம்பாவும் போடலாம்.

தஹ்மீனா: பொம்பளைங்க நடவு நடுறாங்க. பாதிப் பேரு தலைகீழா நிக்கிறாங்க. அவங்களுக்கு அதுதான் தரை போல.

அல்லா பிச்சை: வரப்புல யாராவது போறாங்களா?

தஹ்மீனா: வரப்புல... இல்ல. கொக்கு நிக்குது.

அல்லா பிச்சை: கொக்கா.

தஹ்மீனா: ஆமா, கொக்கு. இந்தப் பக்கம் வாங்க.

அல்லா பிச்சை: இரு... யாரோ ஒரு பொம்பள தன் புள்ளகிட்ட என்னமோ சொல்லுதே. 'அந்தத் தாத்தாதான்டி'ன்னு.

தஹ்மீனா: உங்க தொப்பியப் பாத்து சொல்லியிருப்பாங்க.

அல்லா பிச்சை: தஞ்சாவூர்ல தொப்பிய பாக்காத ஆளா?

தஹ்மீனா: ஐயோ அத்தா, யாரு என்ன சொன்னா உங்களுக்கு என்ன? இதக் கேளுங்க. இது நம்ம தெரு எஸ்டிடி பூத்து. ஞாபகம் இருக்கா?

அல்லா பிச்சை: ஞாபகம் இல்லாமயா? வெள்ளிக்கெழம ஜும்ஆ முடிஞ்சு நான் கூப்புடுவேன்னு நீங்க மூணு பேரும் முன்னாடியே போயி வெயில்ல நிப்பீங்களே.

தஹ்மீனா: அதான். அம்மா, நான், ஃபாஜில், மூணு பேரும் பூத்துக்குள்ள நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்கிறோம். ஃபாஜில் அம்மா இடுப்புல. போன் வயரு வெளிய போகுது... தெரு பூரா சுத்தி, பள்ளிவாசல் மினாராவச் சுத்தி, கடல் மாதிரி ஒண்ணுக்குள்ள முங்கி, திரும்பி பக்கத்து பூத்துக்கே வந்துருது. நடுவுல ஒரு கண்ணாடிதான்.

அல்லா பிச்சை: பக்கத்து பூத்துல யாரு?

தஹ்மீனா: ...யாருமில்ல. ரிசீவரு மட்டும் தொங்குது.

அல்லா பிச்சை: அப்ப இதுவும் இல்ல.

தஹ்மீனா: கால் வலிக்குதா? செத்த உக்காருவோமா?

அல்லா பிச்சை: வேண்டாம். இன்னும் எத்தனை படம் இருக்கு?

தஹ்மீனா: இருக்கு... கொஞ்சம் இருக்கு.

வானதி: தஹ்மீனா அக்கா! எப்ப வந்தீங்க? சொல்லியிருந்தா வாசலுக்கே வந்திருப்பேன்ல. இவங்க...

தஹ்மீனா: எங்க அத்தா.

வானதி: அப்படியே இருக்காங்களே...

அல்லா பிச்சை: என்னம்மா அப்படியே?

தஹ்மீனா: அப்படியே ஃபாஜில் ஜாடைங்கிறாங்க. அத்தா, இவங்க வானதி. கும்பகோணத்துல ஃபாஜிலோட ஒண்ணா படிச்சவங்க. இந்தக் கண்காட்சியே இவங்க ஓடியாடி வெச்சதுதான்.

அல்லா பிச்சை: நல்லா இரும்மா. ஃபாஜில் உன்னையப் பத்தி சொல்லியிருக்கான். உளிய கடன் வாங்குனா திருப்பித் தராத புள்ளன்னு.

வானதி: ஐயோ! அவன்தான்ப்பா தர மாட்டான். என் நல்ல உளி ஒண்ணு இன்னும் உங்க வீட்டுலதான் கெடக்கு... அப்பா, இங்க வாங்க. ஒரு பலகைய தொட்டுப் பாக்குறதுக்குன்னே வெச்சிருக்கோம். மொதப் படத்தோட பலகை. இதுல மை தடவித்தான் தாள்ல ஒத்தி எடுக்குறது.

தஹ்மீனா: வேண்டாம் வானதி, அத்தாவுக்கு அசதியா...

அல்லா பிச்சை: யாருக்கு அசதி? ஷார்ஜாவுல கட்டட வேலைக்கு சென்ட்ரிங் பலகை அடிச்சே கெடந்து வந்தவன் நானு. கொண்டாம்மா... மாம்பலகையா?

வானதி: ஆமாப்பா.

அல்லா பிச்சை: நல்லா இழைச்சிருக்கான். இது வாசலு... இது படி. ஏம்மா, படி இந்தப் பக்கம் இருக்கே?

வானதி: பலகையில எல்லாம் இடம் வலமா மாறித்தான்ப்பா இருக்கும். தாள்ல ஒத்துனா நேராயிரும்.

அல்லா பிச்சை: தியாகேசன் கொத்தனாருக்கு இது தெரிஞ்சிருந்தா வீட்டத் தூக்கி ஒத்தி எடுத்திருப்பாரு.

வானதி: யாருப்பா அது?

அல்லா பிச்சை: எங்க வீட்டு தத்துவம்மா அவரு... இரு. படியில என்னமோ இருக்கே.

தஹ்மீனா: அது மரத்துல உள்ள கணுத்தா.

அல்லா பிச்சை: கணுவா? இது காலு. இது தோளு... தலைக்கு மேல சதுரமா என்னமோ இருக்கு.

தஹ்மீனா: கணுதான்த்தா. சில மரத்துல அப்படித்தான் வரும்.

வானதி: அக்கா, அது...

தஹ்மீனா: வானதி, அத்தாவுக்குக் குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?

வானதி: ...ஆங், கொண்டு வர்றேன்க்கா.

அல்லா பிச்சை: எனக்கு தாகம் இல்லையே.

தஹ்மீனா: மாத்திரை போடணும்ல.

அல்லா பிச்சை: மாத்திரை சாயங்காலம்தான்... சரி. நீ கணுன்னா கணுதான். எங்க போறோம் இப்ப?

தஹ்மீனா: வெளிய. இதோட முடிஞ்சுது.

அல்லா பிச்சை: முடிஞ்சுதா? இப்பதானே கொஞ்சம் இருக்குன்ன?

தஹ்மீனா: அதெல்லாம் இதே மாதிரிதான்த்தா. படி, செவுரு, ஜன்னல். நீங்க எதுலயும் இல்ல. அவன் சொன்னானே தவிர செதுக்க முடியாம போயிருக்கும். கடைசில கையெல்லாம் வீங்கிப் போயிதானே கெடந்தான். கிட்னி போன ஆளால உளி புடிக்க முடியுமா?

அல்லா பிச்சை: செதுக்கலையா...

தஹ்மீனா: செதுக்கல.

அல்லா பிச்சை: அதுவும் நியாயம்தான். வீட்டுல இருந்தவங்களத்தானே வீட்டுல வெச்சு வரைவான். நான் எங்க இருந்தேன்? ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவ விருந்தாளி மாதிரி வந்துட்டு...

தஹ்மீனா: அப்படியெல்லாம் பேசாதீங்க.

வானதி: தண்ணிப்பா. இந்தாங்க, பாட்டில் தொறந்துதான் இருக்கு... அக்கா, நீங்க வந்தா கேக்கணும்னே இருந்தேன். எல்லாப் படத்துக்கும் ஃபாஜில் பேரு வெச்சுட்டான். கடைசிப் படத்துக்கு மட்டும் வைக்கல. சும்மா 'பெயரிடப்படாதது'ன்னு போட்டிருக்கேன், பாக்கவே சங்கடமா இருக்கு. அப்பாவே ஒரு பேரு சொல்லிட்டா நல்லா இருக்கும். அத்தனை படத்துலயும் பெட்டியோட நடந்துக்கிட்டே இருக்காங்க, இந்த ஒண்ணுலதானே வீட்டுக்குள்ள வந்துட்டாங்க...

தஹ்மீனா: வானதி!

வானதி: ...சொல்லலையாக்கா?

அல்லா பிச்சை: அத்தனை படத்துலயுமா?

வானதி: நான்... அங்க யாரோ கூப்புடுறாங்க. அப்புறம் வர்றேன்க்கா. மன்னிச்சுருங்கப்பா.

அல்லா பிச்சை: தஹ்மீனா.

தஹ்மீனா: கைய விடாதீங்க. கூட்டமா இருக்கு.

அல்லா பிச்சை: அத்தனை படத்துலயுமா நான் இருக்கேன்?

தஹ்மீனா: ...ஆமா.

அல்லா பிச்சை: வயக்காட்டுல?

தஹ்மீனா: வரப்புல போறீங்க. தலையில அட்டைப்பெட்டி, கயிறு கட்டி, உங்க பேரெழுதி.

அல்லா பிச்சை: கொக்குன்னியே.

தஹ்மீனா: கொக்கும் இருக்கு.

அல்லா பிச்சை: பூத்துல?

தஹ்மீனா: பக்கத்து பூத்துல நீங்கதான் நிக்கிறீங்க. அம்மாவுக்கு முதுகக் காட்டிக்கிட்டு, காலடியில பெட்டிய வெச்சுக்கிட்டு. ரெண்டு பேரும் போன்ல பேசிக்கிட்டு இருக்கீங்க. திரும்பிப் பாத்தா போதும். திரும்பல.

அல்லா பிச்சை: ஏம்மா இல்லன்ன?

தஹ்மீனா: வேற என்னன்னு சொல்றது? இங்க எல்லாரும் உங்கள 'வந்து சேராத மனுசன்'னு சொல்லிக்கிட்டுப் போறாங்க. நீங்க ஏறுற படி அம்மாவுக்குச் செவுரு. நீங்க நிக்கிற தரை எங்களுக்குக் கூரை. எல்லாத்துலயும் வந்துக்கிட்டே இருக்கீங்க, ஒண்ணுலயும் வந்து சேரல. இத எப்படி உங்க கையப் புடிச்சுக்கிட்டு சொல்லுவேன்? அம்மாவுக்கு முட்டி வலியெல்லாம் இல்ல. கண்காட்சி தொறந்த அன்னைக்கே கூட்டிட்டு வந்தேன். மொதப் படத்தப் பாத்துட்டு, 'என்னைய வீட்டுல கொண்டு விட்டுரு'ன்னுட்டாங்க.

அல்லா பிச்சை: ...கடைசிப் படத்துகிட்ட கூட்டிட்டுப் போ.

தஹ்மீனா: அத்தா, வேண்டாம்.

அல்லா பிச்சை: கூட்டிட்டுப் போம்மா. இனிமே மறைக்க என்ன இருக்கு?

தஹ்மீனா: ...வாங்க. இதோ. உங்களுக்கு நேரா இருக்கு.

அல்லா பிச்சை: சொல்லு. உள்ளத உள்ளபடி சொல்லு.

தஹ்மீனா: ஹால்ல உக்காந்திருக்கீங்க. நாற்காலியில. சட்டையில மேல் பொத்தானக் கழட்டி விட்டுட்டு, கால நீட்டிக்கிட்டு... ஊருக்கு வந்த அன்னைக்கு உக்காருவீங்கள்ல, அப்படி. அம்மா டீ தம்ளரோட நிக்கிறாங்க. நான் தரையில உக்காந்திருக்கேன். உங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.

அல்லா பிச்சை: பெட்டி?

தஹ்மீனா: பெட்டி உங்ககிட்ட இல்ல.

அல்லா பிச்சை: எங்க வெச்சேன்?

தஹ்மீனா: ஃபாஜில்கிட்ட இருக்கு. அவன் படியில ஏறிப் போறான். பெட்டி அவன் தலையில. முதுகுதான் தெரியுது.

அல்லா பிச்சை: சுத்தித் திரும்பி வாசலுக்கு வந்துருவான்ல? படி அப்படித்தானே வரும்?

தஹ்மீனா: இல்லத்தா... இந்த ஒரு படத்துலதான் படி சுத்தி வரல. நேரா மேல போகுது. தாளு முடியுற எடம் வரைக்கும் போகுது.

அல்லா பிச்சை: என் பெட்டியத் தூக்கிக்கிட்டா...

தஹ்மீனா: அத்தா... அழாதீங்கத்தா. இதுக்குத்தான் நான் வேண்டாம்னேன்.

அல்லா பிச்சை: தெரிஞ்சே செதுக்கியிருக்கான்.

தஹ்மீனா: தெரிஞ்சேதான். ஆஸ்பத்திரி கட்டில்ல, தலகாணிமேல பலகைய வெச்சுக்கிட்டு. நர்சு திட்டுவாங்க, பெட்ஷீட்டெல்லாம் மரத்தூளுன்னு. கதவு தொறக்குற சத்தம் கேட்டா தலையத் தூக்கிப் பாப்பான். நீங்க வந்துட்டீங்களோன்னு பாப்பான்.

அல்லா பிச்சை: போதும்மா.

தஹ்மீனா: போதாதுத்தா. உங்களத்தானே கூப்பிட்டான்? ஏன் வரல? லீவு கெடைக்கலன்னீங்க. பக்கத்து வீட்டு ஷமீரா புருசன் உங்க கம்பெனிதான், உங்க ரூமுதான். அவரு லீவுல வந்து அவனப் பாத்து அழுதுட்டுப் போனாரு. அவருக்குக் கெடைச்ச லீவு பெத்த அப்பனுக்குக் கெடைக்கலையா? அவன் மையத்த வீட்டுல எவ்வளவு நேரம்த்தா வெச்சிருக்க முடியும்? அசரு தொழுகைக்கு மேல தாங்காதுன்னு எடுத்துட்டாங்க. நீங்க வந்து எறங்கும்போது கபுர்ல மண்ணு காஞ்சு போச்சு. இந்த ஒரு வருசமா நான் வாயத் தொறந்து கேட்டதில்ல. அழுது அழுது கண்ணத் தொலைச்ச மனுசன்கிட்ட என்னத்தக் கேக்குறதுன்னு விட்டுட்டேன். இப்ப கேக்குறேன். ஏன்த்தா வரல?

அல்லா பிச்சை: லீவு அப்பவே குடுத்துட்டாங்கம்மா... இது அழுது போன கண்ணு இல்ல. அவன் ஆஸ்பத்திரியில படுக்குறதுக்கு முந்தியே எனக்கு ரெண்டும் போயிருச்சு. ஊருக்குத் தெரியக்கூடாதுன்னு ஷமீரா புருசன்கிட்ட சத்தியம் வாங்கித்தான் அனுப்பிச்சேன். கண்ணுல ஊசி போட்டா கொஞ்சம் திரும்பும்னு டாக்டர் சொன்னாரு. பார்வையோட வந்து எம்புள்ள மொகத்தப் பாக்கணும்னு ரூமுக்குள்ளயே கெடந்தேன். கடைசியா பேசுனப்பவும் அதான் கேட்டான், 'அந்தப் படத்த எப்பத்தா வந்து பாப்பீங்க'ன்னு... 'இந்தா வந்துட்டேன்டா, வந்து கண் குளிரப் பாக்குறேன்'னு சொன்னேன்.